குற்றமும் பொறுப்பும்: ‘கொலையாளர் நம்மிடையே உளர்’ என்னும் ஜெர்மன் திரைப்படம் பற்றிய வரலாற்றாய்வு

1945ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைந்தன. அந்நாளோடு ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஆயின் ஒரு வினா தொடங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுக் காலம் ஓர் ஆட்சியின்கீழ் இழைக்கப்பட்ட கொடுமைகட்கு யார் பொறுப்பு? ஆணையிட்டவரா, ஆணையை நிறைவேற்றியவரா, கண்டும் வாளா இருந்தவரா? இவ்வினாவை வழக்குமன்றமும் பல்கலைக்கழகமும் ஒருங்கே எழுப்பின. அவற்றோடு ஒரு திரைப்படமும் எழுப்பிற்று. அத்திரைப்படத்தின் வரலாற்றையும், அஃது அவ்வினாவுக்கு எத்துணை அளவில் விடை தந்தது என்பதனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச் சான்றுகளையே கொண்டு ஆய்ந்து பழகிய நமக்குத் திரைப்படம் ஒன்றனை ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன் நெஞ்சோடு பேசிக்கொண்ட முறையை அறிய விரும்புவோர்க்குக் காப்பியமும் நாடகமும் போலவே திரைப்படமும் சான்றாதல் கூடும். சொல்லியவற்றோடு சொல்லாது விட்டவற்றையும் நோக்குதல் இலக்கியம் பயின்றார்க்குக் கைவந்த முறையன்றோ? அம்முறையே ஈண்டும் மேற்கொள்ளப்படுகிறது.

1. இரு சொற்கள்

ஆய்விற் புகுமுன் இரு சொற்களைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். குற்றத்தைக் குறிக்க ஜெர்மன் மொழியில் வழங்கும் ‘ஷுல்ட்’ என்னும் சொல் கடன் என்னும் பொருளையும் உடையது. குற்றம் செய்தவன் கடன்பட்டவன் என்னும் கருத்து அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கிறது. தமிழிலோ ‘கடன்’ என்பது திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கும், குற்றத்தைக் குறிப்பதில்லை. இனிப் பொறுப்பு என்பதற்கு ஜெர்மானியர் வழங்கும் சொல் ‘ஃபெர்ஆன்ட்வோர்ட்டுங்’ என்பது. அதனுள் ‘ஆன்ட்வோர்ட்’, அஃதாவது ‘விடை’ என்னும் சொல் உள்ளது. நம் ‘பொறுப்பு’ என்னும் சொல்லோ பொறுத்தல், சுமத்தல் என்னும் வினையிற் பிறந்தது. எனவே பொறுப்பாவது, அச்சொல்லின்படி விடை கூறுதல். நம் சொல்லின்படி சுமத்தல். இவ்விரு பொருளும் இவ்வாய்வில் நமக்குத் துணைநிற்கும்.

2. படம் தோன்றிய சூழல்

‘டீ மோர்டர் ஸிண்ட் உன்டர் உன்ஸ்’ என்பது படத்தின் பெயர். ‘கொலையாளர் நம்மிடையே உளர்’ என்பது அதன் பொருள். இதனை எழுதி இயக்கியவர் வோல்ஃப்காங் ஷ்டௌட்டே (1906-1984). போருக்குப்பின் ஜெர்மனியில் எடுக்கப்பெற்ற முதற் கதைப்படம் இதுவே. 1931இல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘எம்’ என்னும் புகழ்பெற்ற படத்திற்கு முதற்கண் சூட்டக் கருதிய பெயரும் ‘நம்மிடையே கொலையாளன்’ என்பதேயாம். அப்படத்தில் நகரமே ஒன்றுகூடி ஒரு கொலையாளனைத் தேடுகிறது. பதினைந்து ஆண்டுகட்குப்பின் வந்த படத்தின் பெயரில் ஒருமை பன்மையாயிற்று, தேடுவோரும் இலராயினர். இவ்வேறுபாடு சிறிதாயினும் அவ்விடைக்கால வரலாறு முழுவதும் அதனுள் அடங்கும்.

ஷ்டௌட்டே தம் கதைக் குறிப்பை மேலை வல்லரசுகளின் அதிகாரிகளிடம் கொண்டு சென்றார், இசைவு கிட்டவில்லை. ஜெர்மானியர் மீண்டும் படம் எடுக்கும் காலம் அண்மையில் இல்லை என்பதே அவர்தம் எண்ணமாக இருந்தது. சோவியத்து நாட்டுப் பண்பாட்டு அதிகாரிகளே இசைவு தந்தனர். 1946ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் ‘டேஃபா’ என்னும் படநிறுவனம் அவர்தம் உரிமத்தோடு தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்தின் முதற் படமாக இது வெளிவந்தது. குண்டுவீச்சிற் சிதைந்து கிடந்த பெர்லின் நகரத் தெருக்களே படத்திற்குக் களமாயின. இவ்வகைப் படங்களைப் பின்னர் ‘இடிபாட்டுப் படங்கள்’ என்று திறனாய்வாளர் வகைப்படுத்தினர்.

1946ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் படம் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. பெர்லின் நகரில், அந்நாளில் அரசு இசைநாடக மன்றம் இயங்கிவந்த அட்மிரால்ஸ்பலாஸ்ட் என்னும் அரங்கிலே அது நிகழ்ந்தது. அந்த அக்டோபரின் முதல் நாளன்றுதான் நூரம்பர்க் வழக்குமன்றம் போர்க் குற்றவாளிகட்குத் தண்டனை விதித்திருந்தது. படம் திரையிடப்பெற்ற அதே இரவில் கோரிங் சிறையில் நஞ்சுண்டு மாண்டான்; அடுத்த சில நாழிகையில், 16ஆம் நாள் விடியுமுன், பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். பெருங்குற்றவாளிகளின் கணக்கு முடிக்கப்பெற்ற இரவிலே, பெயரறியாச் சிறு குற்றவாளிகளின் கணக்கை இப்படம் தொடங்கி வைத்தது எனலாம்.

3. கதைப்போக்கு

1945இல் சுசானே வால்னர் என்னும் இளம் பெண் வதைமுகாமிலிருந்து மீண்டு பெர்லினில் உள்ள தன் பழைய இல்லத்திற்கு வருகிறாள். அங்கே ஹான்ஸ் மெர்ட்டன்ஸ் என்னும் மருத்துவன் குடியிருக்கக் காண்கிறாள். படையில் அறுவை மருத்துவனாகப் பணியாற்றிய அவன் குடிக்கு அடிமையானவன். குருதியைக் காணப் பொறாதவன். தன் தொழிலையே துறந்தவன். அவனுடைய நோய்க்குக் காரணம் கதைப்போக்கிற் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது.

1942ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னாளில், போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஃபெர்டினாண்ட் புரூக்னர் என்னும் படைத்தலைவன் ஊர்மக்களைச் சுட்டுக்கொல்ல ஆணையிட்டான். ஆடவர் 36, பெண்டிர் 54, குழந்தைகள் 31. செலவான குண்டுகள் 347. கொலையுண்டாரையும் குண்டுகளையும் ஒரே பட்டியலில் எண்ணி முடித்த அக்கணக்கே படத்தின் உள்ளுறையாகும். பெண்டிரையும் சிறாரையுமேனும் விட்டுவிடுமாறு மெர்ட்டன்ஸ் வேண்டினான், புரூக்னர் இசையவில்லை. பின் அவனும் அவன் வீரரும் மரத்தை அணிசெய்து விழாப் பாடல் பாடினர்.

இறந்துவிட்டான் என்று மெர்ட்டன்ஸ் கருதியிருந்த புரூக்னர் பெர்லினில் உயிரோடு இருக்கிறான், நலமாகவும் இருக்கிறான். அன்புடைய கணவன்; குழந்தைகளின் தந்தை; பணியாளரை இன்முகத்தோடு நடத்தும் தொழிலதிபன். படைவீரரின் எஃகுத் தலைக்கவசங்களைச் சமையற் பானைகளாக மாற்றுவது அவனது தொழில். அவன் உணவருந்தும்போது அருகே கிடக்கும் செய்தித்தாளில் இருபது இலட்சம் மக்கள் நச்சுப்புகையூட்டிக் கொல்லப்பட்ட செய்தி தலைப்பாக அச்சிடப்பட்டுள்ளது. அவன் அதனை நோக்குவதில்லை. அவன் உள்ளத்தில் உறுத்தல் சிறிதும் இன்று. கொன்றவன் நன்கு உறங்குகிறான். தடுக்க மாட்டாது நின்றவனே உறக்கமின்றித் தவிக்கிறான். படத்தின் ஆழம் இம்முரணிலேதான் உள்ளது.

மெர்ட்டன்ஸ் அவனைக் கொல்லத் துணிகிறான். முதன்முறை இடிபாடுகளினூடே அவனை அழைத்துச் செல்லுகையில், மூச்சுத் திணறும் தன் மகவைக் காக்க மருத்துவரைத் தேடி ஓடிவந்த தாய் ஒருத்தி குறுக்கிடுகிறாள். மெர்ட்டன்ஸ் அக்குழந்தையைப் பிழைக்கச் செய்கிறான். மருத்துவத் தொழில் அவனுக்கு மீள்கிறது. ஆயினும் 1945ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னாளில், தன் பணியாளர்க்கு விழாவுரை நிகழ்த்தும் புரூக்னரைத் தேடி அவன் மீண்டும் துப்பாக்கியோடு செல்கிறான். சுசானே விரைந்து வந்து தடுக்கிறாள். தீர்ப்பளிக்கும் உரிமை நமக்கில்லை என்பது அவள் கூற்று; ஆயினும் குற்றஞ்சாட்டும் கடமை நமக்கு உண்டு என்பது அவன் விடை. இறுதியிற் கம்பிகளுக்குப் பின்னே நிற்கும் புரூக்னர், தான் குற்றமற்றவன் என்று திரும்பத் திரும்பக் கூவுகிறான்.

4. முடிவு மாறிய வரலாறு

ஷ்டௌட்டே முதலில் எழுதிய முடிவு இதுவன்று. ‘நான் கொல்லப்போகும் மனிதன்’ என்பதே படத்திற்கு அவர் முதலில் இட்ட பெயர். மெர்ட்டன்ஸ் புரூக்னரைச் சுட்டுக் கொல்வதாகவே கதையும் அமைந்திருந்தது. போரின் இறுதி நாட்களில் துப்பாக்கியேந்திய ஒருவன் தம்மைக் கொல்வதாக மிரட்டினான் என்றும், போர் முடிந்தபின் அவனை எதிர்ப்பட்டால் யாது செய்வது என்னும் எண்ணத்திலேயே கதை கருக்கொண்டது என்றும் ஷ்டௌட்டே பிற்காலத்திற் கூறியுள்ளார். எனவே பழிவாங்கல் என்பது அவர் தம் நெஞ்சிலே கண்ட முடிவாகும்.

சோவியத்து அதிகாரி அலெக்சாண்டர் டிம்ஷிட்ஸ் அம்முடிவை மறுத்தார். படத்தைக் கண்டவர் ஒவ்வொருவரும் தத்தம் பகைவரைத் தெருவிற் சுடத் தலைப்படின் நாடு என்னாகும் என்பது அவருடைய கருத்து. ஷ்டௌட்டே அதனை ஏற்று முடிவை மாற்றினார். ஆட்சியாளர் கலைஞன்மேற் செலுத்திய அடக்குமுறையாகவே இதனைக் கொள்ளுதல் முழுதும் பொருந்தாது. தனிமனிதன் தண்டிப்பின் அது பழி. பொதுமன்றம் தண்டிப்பின் அது நீதி. இவ்வறவேறுபாட்டைத் திருத்தப்பட்ட முடிவு நிலைநாட்டியது. வழக்குரை காதை பயின்ற நமக்கு, கொடுமைக்கு ஆளானவர் அவையேறி வழக்குரைத்தலின் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஆங்கு வழக்குரைத்தவள் இழப்புற்றவள். ஈண்டு வழக்குரைப்பவன் அருகே நின்று கண்டவன். இவ்வேறுபாட்டிலிருந்தே நம் ஆய்வின் தலையாய வினா எழுகின்றது.

5. குற்றத்தின் நால்வகை

படம் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1945-46ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவத்தில், ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றிலிருந்து பிறந்த ‘குற்றம் பற்றிய வினா’ என்னும் நூல் 1946இல் வெளிவந்தது. யாஸ்பர்ஸின் மனைவியார் யூதர். அதன் பொருட்டு 1937இல் அவர் ஆசிரியப் பணியினின்றும் நீக்கப்பட்டவர். ஆயினும் அவர் பிறரைச் சுட்டுவதோடு அமையாது, தம்மையும் உளப்படுத்தியே பேசினார்.

அவர் குற்றத்தை நான்காகப் பகுத்தார். சட்டத்தை மீறிய செயலாகிய குற்றம் முதலாவது; அதற்கு நடுவர் வழக்குமன்றம். ஓர் அரசின் குடியாக இருப்பதனால் அவ்வரசின் செயலுக்கு ஏற்கவேண்டிய அரசியற் பொறுப்பு இரண்டாவது. அதற்கு நடுவர் வென்றவர். தான் செய்ததற்கும் செய்யாது விட்டதற்கும் ஒவ்வொருவனும் ஏற்கவேண்டிய அறக்குற்றம் மூன்றாவது. அதற்கு நடுவர் அவரவர் மனச்சான்று. மக்கட் பிறப்பின் ஒருமைப்பாட்டை எண்ணாது, பிறர் கொலையுண்ணத் தான் உயிர்தாங்கி நிற்றலின் எழும் குற்றம் நான்காவது. அதற்கு நடுவர் இறைவன் ஒருவனே.

இப்பகுப்பைப் படத்தின்மேற் பொருத்திக் காண்போம். புரூக்னரின் குற்றம் முதல் வகையினது, அதில் ஐயமில்லை. மெர்ட்டன்ஸின் துயரமோ மூன்றாவதும் நான்காவதுமாகிய வகையினது. அவன் வேண்டினான், மறுக்கப்பட்டான், பின் உயிரோடு இருந்தான். அவன் குடியும் நடுக்கமும் அக்கடனின் வட்டி போல்வன. ஆயின் படத்தின் இறுதியில் நிகழ்வது யாது? புரூக்னர்மேற் குற்றஞ்சாட்டப்படுகிறது, அந்நொடியிலேயே மெர்ட்டன்ஸ் நலம் பெற்றவனாகிறான். முதல்வகைக் குற்றத்தை மன்றத்திடம் ஒப்படைத்தமையால் மூன்றாம் வகைக் குற்றமும் தீர்ந்துவிட்டதாகக் கதை முடிகிறது. இஃது அறவியல் நோக்கிற் பொருந்துமாறு இல்லை. பிறனுடைய கடனைச் சுட்டிக்காட்டுவதால் தன் கடன் தீர்வதில்லை என்க.

6. படம் பேசியதும் பேசாததும்

எனினும் படத்தின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கொலையாளனை அது நாஜிக் காவற்படையினனாகக் காட்டாது, நாட்டின் பொதுப்படையைச் சேர்ந்த தலைவனாகக் காட்டிற்று. பொதுப்படை மாசற்றது என்னும் எண்ணம் ஜெர்மனியில் நெடுங்காலம் நிலவிற்று. 1995இல் தொடங்கிய படைக்குற்றக் கண்காட்சி ஒன்று அவ்வெண்ணத்தை மறுத்தபொழுது நாடே கொந்தளித்தது. அரை நூற்றாண்டுக்குப்பின்னும் ஏற்கத் தயங்கிய உண்மையை 1946இலேயே இப்படம் மொழிந்தது. புரூக்னரை அரக்கனாக அன்றி அண்டை வீட்டானாகப் படைத்ததும் அதன் நுண்மையாகும்.

பேசாதவையும் உள. சுசானே வதைமுகாமிலிருந்து மீண்டவள். ஆயின் அவள் உடலிலோ முகத்திலோ முகாமின் சுவடு சிறிதும் இல்லை. அங்குத் தான் பட்டதை அவள் உரைப்பதுமில்லை. எவரும் அவளை வினவுவதுமில்லை. துன்புற்றவள் ஆறுதல் கூறுகிறாள். துன்புறுத்திய படையிற் பணியாற்றியவன் ஆறுதல் பெறுகிறான். செய்தித்தாளின் தலைப்பாக ஒரு நொடி தோன்றி மறையும் பேரழிவு கதைக்குள் நுழைவதில்லை. இறுதிக் காட்சியில் தோன்றும் கல்லறைச் சிலுவைகளோ கொன்ற படையின் இறப்பையும் கொலையுண்டார் இறப்பையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

7. படைத்தவர்தம் நிலை

இம்மௌனத்திற்குக் காரணம் தேடுவோர் படைத்தவர் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். 1940இல் யூதர்மேற் பகை மூட்டும் பொருட்டு எடுக்கப்பெற்ற ‘யூதன் சூஸ்’ என்னும் படத்தில் ஷ்டௌட்டே சிறு வேடம் ஒன்று ஏற்று நடித்தவர். ஒளிப்பதிவாளர் இருவருள் ஒருவராகிய ஃபிரீடல் பேன்-குருண்ட், நோயாளரைக் கொல்லுதலை ஞாயப்படுத்தும் ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ (1941) என்னும் படத்திற்கும் ஒளிப்பதிவு செய்தவர். மெர்ட்டன்ஸாக நடித்த எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் போர்ஷெர்ட், தாம் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்ததை வினாப்படிவத்தில் மறைத்தார் என்று அமெரிக்கரால் கைது செய்யப்பட்டார். அதனால் விளம்பரங்களினின்றும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

இவற்றை எடுத்துக்காட்டுவது அவர்களை இழித்தற்கன்று. ஷ்டௌட்டே கொலையாளர் அல்லர், ஆணையிட்டவரும் அல்லர். கண்டார், இருந்தார், தம் தொழிலைச் செய்தார். அஃதாவது அவர் மெர்ட்டன்ஸின் நிலையில் நின்றவர். மெர்ட்டன்ஸின் துயரம் படத்தில் அத்துணை உண்மையாக ஒலித்தற்கும், அவனுடைய பொறுப்பு இறுதியில் அத்துணை எளிதாக நழுவுதற்கும் காரணம் ஒன்றே எனல் எம் கருத்து. தன் நெஞ்சிற் பட்ட புண்ணைக் காட்டக் கலைஞனால் இயன்றது; அப்புண்ணின் பெயரைச் சொல்ல இயலவில்லை.

8. மன்றம் தந்த விடை

படம் வழக்கை மன்றத்திடம் ஒப்படைத்தது. மன்றம் யாது செய்தது? ‘யூதன் சூஸ்’ படத்தை இயக்கிய ஃபைட் ஹார்லன் 1949இலும் 1950இலும் விடுதலை செய்யப்பட்டார். மேற்கு ஜெர்மனியில் நாஜிக் குற்றங்களை ஆராயும் நடுவண் அலுவலகம் 1958இலேதான் லுட்விக்ஸ்பர்க் நகரில் அமைந்தது. அடுத்த ஆண்டில் ஷ்டௌட்டே ‘அரசு வழக்குரைஞர்க்கு ரோசாமலர்கள்’ என்னும் படத்தை எடுத்தார். போரின் இறுதி நாட்களிற் சிறிது சாக்கலேட்டின் பொருட்டு ஒரு வீரனுக்கு இறப்புத் தண்டனை கேட்ட படைத்துறை வழக்குரைஞன், அமைதிக் காலத்தில் உயர் வழக்குரைஞனாக வீற்றிருக்கிறான். தப்பிப் பிழைத்த வீரன் அவனை எதிர்ப்படுகிறான். 1946இல் எந்த மன்றத்தை நம்பி மெர்ட்டன்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்தினானோ, அம்மன்றத்திலேயே புரூக்னர் அமர்ந்திருக்கிறான் என்பதே இப்படத்தின் உட்பொருள். தம் முதற் படத்தின் முடிவைப் பதின்மூன்று ஆண்டுகட்குப்பின் அவரே வினாவுக்கு உட்படுத்தினார் எனலாம்.

1963 முதல் 1965 வரை ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஆஷ்விட்ஸ் முகாம் வழக்கு நடைபெற்றது. கொலைக் குற்றத்திற்குரிய கால வரம்பு 1965இலும் 1969இலும் நீட்டிக்கப்பட்டு, 1979இல் முற்றும் நீக்கப்பட்டது. தனிக் கொலை ஒன்று மெய்ப்பிக்கப்படாவிடினும், கொலைமுகாமிற் பணிசெய்தமையே கொலைக்குத் துணைநின்றதாகும் என்னும் கருத்தில் 2011இல் மூனிக் மன்றம் தீர்ப்பளித்தது. அருகே நின்று துணைபுரிந்தவனைச் சட்டம் இவ்வாறு எட்டுதற்கு அறுபதாண்டிற்கு மேலாயிற்று. வேண்டி, மறுக்கப்பட்டு, வாளா இருந்தவனைச் சட்டம் இன்றும் எட்டுவதில்லை, எட்டவும் இயலாது. அவன் வழக்கு மனச்சான்றின் மன்றத்திற்கே உரியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். பழிவாங்கலை விலக்கி வழக்குரைத்தலை நிலைநாட்டியது இப்படத்தின் அறம். பொதுப்படையின் குற்றத்தைக் காலத்தால் முந்தி மொழிந்தது இதன் துணிவு. வழக்குரைத்தவனின் பொறுப்பை அவ்வழக்கினுள்ளேயே மறைத்துவிட்டது இதன் குறை.

தொடக்கத்திற் கண்ட இரு சொற்களை மீண்டும் நினைவுகூர்வோம். பொறுப்பு என்பது விடை கூறுதலும் சுமத்தலும் ஆம். புரூக்னர் விடை கூறவும் மறுத்தான், சுமக்கவும் மறுத்தான். மெர்ட்டன்ஸ் சுமந்தான், ஆயின் விடை கூறவேண்டிய இடத்தில் மற்றொருவனைச் சுட்டிக்காட்டி நின்றான். அச்சுட்டு வேண்டுவதே. அதன்பின் அவன் தன்னை நோக்கிக் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கிறது: அன்று அவ்வூரில், அவன் வேண்டுகோள் மறுக்கப்பட்டபின், அவன் யாது செய்தான்? படம் அவ்வினாவைக் கேட்கவில்லை. காண்போர் நெஞ்சில் அது எழுகிறது. 347 குண்டுகளை எண்ணிய கணக்கில் எண்ணப்படாது போன அந்த ஒருவனையும் சேர்த்து எண்ணும்பொழுதே குற்றம் பற்றிய ஆய்வு நிறைவெய்தும் என்பது எம் துணிபு.